ஒரே பாட்டு, இரண்டு முறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. "சும்மாதானே இருக்க, பின் சீட்ல வந்து உக்காருடா" என்று அக்கா கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். கதை முன் சீட்டில் நடந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தப் பழைய காருக்குள் ஒரு காலத்தில் கீதங்கள்..." வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள். அடுத்து, "தாம்பத்தியம் என்பது..." அது இன்னும் மோசம்.

நேராகவே வருகிறேன். அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். அத்தானுக்குப் போன வருடம் வந்த காய்ச்சலில் ஒரு காது அநேகமாகப் போய்விட்டது. இருவரும் ஒரே காரில் வேலைக்குப் போகிறவர்கள். அத்தான் ஓட்டுவார். முன்பெல்லாம் பாட்டு ஓடும்போது கூடவே பாடவும் செய்வார், சுருதியைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல். இப்போது பாட்டு ஓடுகிறது, அவர் சாலையைப் பார்க்கிறார். "கேக்குதாங்க?" என்றால் "நல்லாருக்கு" என்பார்.

அந்த "நல்லாருக்கு" நிஜமா என்பதுதான் கதை. வேறு பெரிதாக எதுவும் நடக்காது. பின்னால் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது.

2

கார் ஸ்டீரியோ கடைக்காரர் ஒரு பட்டாளத்தையே சிபாரிசு செய்தார். "புது செட், ஆம்ப்ளிஃபயர், டிக்கில ஒரு பெரிய பெட்டி. கார் அப்படியே அதிரும்."

"கார் ஏற்கெனவே அதிருதுங்க. பாட்டு கேட்டா போதும்," என்றாள் அக்கா.

கையிலிருந்த காசுக்கு முன்கதவுகளுக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் கிடைத்தன. மாட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றினால், தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். பாதிச் சத்தம் கதவுக்குள்ளேயே போய்த் தொலைகிறது என்று கண்டுபிடித்தாள். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார்ப்பட்டையை வாங்கிவந்து, ஓட்டைகளை மூடி, பாட்டிலை உருட்டி அழுத்தினாள். ஒரு வாரம் காருக்குள் புதிதாகப் போட்ட ரோட்டின் வாசனை. அவள் நகமெல்லாம் கறுப்பு. ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு ஒட்டுவதற்கே திணறுகிற நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

[இந்த இடத்தில், அவள் ஒரு ஸ்பீக்கரின் ஒயர்களை மாற்றி இணைத்துவிட்டதாக ஒரு சிக்கலை எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டாள். "கதைக்கு வேணும்னா நீ மாத்தி மாட்டினேன்னு எழுதிக்க."]

3

பாட்டு போட்டோம். பின் சீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பாட்டில் இத்தனை வாத்தியங்கள் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

"எப்படிங்க?"

"நல்லாருக்கு."

அக்காவின் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. "இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்டபடி அதே கண்ணாடியையே மறுபடி போடுவாள். நன்றாகப் பார்க்கிறவர்கள் "ரெண்டும் ஒண்ணுதானே" என்பார்கள். அவள் மனம் கோணக் கூடாதென்று நினைக்கிறவர்கள் "இப்ப தெளிவா இருக்கு" என்பார்கள்.

செட்டில் எதையோ திருகுவதுபோல் பாவனை செய்து, எதையும் மாற்றாமல், அதே பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

"இப்ப?"

"இப்ப இன்னும் நல்லாருக்கு," என்றார் அத்தான்.

அக்காவின் கை செட்டின் மேலேயே நின்றது.

(அவரைப் பொய்யர் என்று எண்ணிவிடாதீர்கள். நகம் கறுத்துப்போன மனைவியிடம் வேறு என்ன சொல்வது?)

4

மறுநாள் அத்தான் இல்லாத நேரத்தில் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். கடையில் ஒரு கண்ணை மறைப்பதுபோல், அத்தானுக்குக் கேட்காத கதவுப்பக்கக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். பாட்டு அவளுக்கு எங்கோ அடுத்த தெருவில் ஓடியது. காதிலிருந்து கையை எடுக்காமலே இறங்கிச் சுற்றிவந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். இங்கே திறந்திருந்த காது கதவுப் பக்கம் இருந்தது. பாட்டு முழுதாக வந்தது.

"ஸ்பீக்கரை மாத்தினோம். ஆளை மாத்தலியேடா," என்றாள்.

செலவில்லாத வேலைதான். ஆனால் அத்தான் இத்தனை வருடத்தில் ஸ்டியரிங்கை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. காது போன பிறகு அவரிடம் மிஞ்சிய பெருமை அது ஒன்றுதான் என்று... [இந்த வாக்கியம் அவரை அழவைக்கப் பார்க்கிறது. விட்டுவிடுகிறேன்.]

"நாளைலேருந்து நான் ஓட்டறேங்க."

"ஏன், நான் சரியா ஓட்டலையா?"

"நல்லா ஓட்டறீங்க. நல்லா கேக்கலை."

அத்தான் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் கையில் வைத்தார். இந்தக் கதையில் நான் எழுந்து நின்று கும்பிட நினைத்த இடம் இதுதான்.

5

முடிவுக்கு மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் அத்தான் அழுகிறார். மூன்றையும் கிழித்தாயிற்று.

நடந்தது இவ்வளவுதான். அக்கா ஓட்டினாள். ஒரு சிக்னலில் வண்டி நின்றபோது, எதையும் மாற்றாமல், அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாள். "முதல்லயா, இப்பவா?" என்று கேட்டாள். அத்தான் தலையைக் கதவுப் பக்கம் லேசாகச் சாய்த்தார்.

என்ன சொன்னார் என்பது பின் சீட்டிலிருந்த எனக்குத் தெரியும். "அதை மட்டும் எழுதாதடா, அது எனக்குச் சொன்னது," என்று அக்கா கேட்டுக்கொண்டாள். ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு ஒரு தகவல் தருகிறேன். வீடு திரும்ப நான் பஸ் ஏறிவிட்டேன். சுருதியில்லாத பாட்டை எவ்வளவு தூரம்தான் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்பது.