பிரேக் டீச்சரின் வெளிநாட்டு வைத்தியம்

விமானத்தின் சக்கரங்கள் தரையைத் தொட்டதும் பிரேக் டீச்சர் வலது காலை ஓங்கி ஊன்றினாள். முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு விழித்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். டீச்சர் சட்டென்று கண்களை மூடிக்கொண்டு உறங்குவதுபோல் பாவனை செய்தாள்.

“அதுக்குன்னே முன்னாடி ஒருத்தர் உக்காந்திருக்காரு டீச்சர். சம்பளம் வாங்குறாரு. அவரு பாத்துக்குவாரு,” என்றாள் பக்கத்தில் இருந்த நாத்தனார்.

“கால் தன்னால போகுது அண்ணி. நானா பண்றேன்?”

அவள் பொய் சொல்லவில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை அவளுக்கு. கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். இவள் பக்கத்து இருக்கையில் இருப்பாள். இவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. எதிரே சைக்கிள் வந்தால் மிதிப்பாள், நாய் ஓடினால் மிதிப்பாள், கற்றுக்கொள்பவர் பெருமூச்சு விட்டால்கூட மிதிப்பாள். பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. அதனால்தான் மாணவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போயிற்று.

நாத்தனாரும் ஒரு காலத்தில் அவளுடைய மாணவிதான். அக்காவுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு தம்பி தினமும் பின் இருக்கையில் வந்து உட்கார்ந்தான். “எனக்கு லைசென்ஸ் கிடைக்கல, அவனுக்குப் பொண்டாட்டி கிடைச்சா. காசு கட்டினது நான்,” என்று நாத்தனார் கல்யாணப் பந்தலிலேயே சொன்னவள். உறவு மாறிய பிறகும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதை மட்டும் அவள் விடவில்லை.

இப்போது இரண்டு பேரும் கடல் தாண்டி வந்திருப்பது சுற்றிப் பார்க்க அல்ல. டீச்சருக்கு நாற்பது கடந்துவிட்டது. சினைப்பை ஓய்ந்துவிட்டது, சொந்த முட்டை கிடைப்பது கடினம், வேறொரு பெண்ணின் முட்டையை வைத்துப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று ஊரில் மருத்துவர்கள் சொன்னார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை; அப்படிப் பிறப்பதும் வயிற்றில் சுமந்த பிள்ளைதான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தன் உடம்பிடம் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஓய்ந்த சினைப்பையை எழுப்பிவிட இந்த நாட்டில் ஒரு மருத்துவர் முயன்று பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். இதோடு சரி என்று கணவனும் மனைவியும் பேசி முடித்திருந்தார்கள். இதிலும் ஒன்றும் வரவில்லையென்றால், அந்தக் கேள்வியை மறுபடி எடுப்பதில்லை.

கணவன் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவன். கை அத்தனை நிதானம். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றிவிடும். ஒரு முறை மனைவிக்கு ஊசி போடும்போது துணைக்கு நின்றவன் அப்படியே சரிந்தான். நர்ஸ் அவளை விட்டுவிட்டு அவனைத் தூக்கிக் கட்டிலில் போட, டீச்சர் எழுந்து நின்று அவனுக்கு விசிறினாள். அதனால் இந்த முறை அக்காவை அனுப்பினான். அவள் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை பார்ப்பவள். நாலு நாட்டு ஆட்களிடம் பேசிப் பழகிய வாய்.

தங்கிய அறை மருத்துவமனைக்குப் பின்புறம் இருந்தது. இரண்டு கட்டில், ஒரு மின்கெட்டில், திறக்க முடியாத ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே அழுக்குத் துணி வண்டிகள் போவதும் வெளுத்த துணி வண்டிகள் வருவதும் தெரியும். டீச்சர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “திருப்பத்துல ரொம்ப வேகமா தள்றான்,” என்றாள்.

“உனக்கு இங்கயும் வேலை கிடைச்சிடும் போ,” என்றாள் நாத்தனார்.

மருத்துவர் குண்டாக, சிரித்த முகமாக, விளையாட்டு ஷூ போட்ட ஒரு பெண்மணி. காகிதத்தில் இரண்டு பாதாம் பருப்புகளை வரைந்தார். அவைதாம் சினைப்பைகள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதை ஒரு இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் பொன்னிற நீரைப் பிரித்து, ஊசியால் அந்தப் பாதாம்களுக்குள் செலுத்துவோம் என்றார். நாத்தனார் அதைத் தன் பாணியில் தமிழாக்கினாள்.

“உன் ரத்தத்த எடுத்து, சுத்த விட்டு, உனக்கே திருப்பித் தருவாங்களாம். ரத்தத்த எடுக்குறதும் சுத்த விடுறதும் நம்ம சொந்தக்காரங்களே செஞ்சிருவாங்க. திருப்பிக் குடுக்கத்தான் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கு.”

டீச்சர் சிரித்துவிட்டாள். மருத்துவர் என்ன என்று கேட்க, நாத்தனார் அதையும் சொல்ல, அவரும் சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஏதோ சொன்னார். நாத்தனாரின் முகத்தில் விளையாட்டு குறைந்தது.

“என்ன அண்ணி?”

“இது இன்னும் சோதிச்சுப் பாக்குற நிலையிலதான் இருக்குதாம். சிலருக்கு முட்டை வருது, பலருக்கு வரதில்ல. வந்தாலும் இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்கறாங்க. ஊருக்குப் போயி மாசா மாசம் ஸ்கேன் பண்ணிப் பாக்கணுமாம். தெரிஞ்சுதான் செய்யறியான்னு கேக்கறாங்க.”

“தெரிஞ்சுதான்னு சொல்லுங்க,” என்றாள் டீச்சர்.

முன்பு ஒரு அறுவைச் சிகிச்சையின்போது முழு மயக்க மருந்து அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்த முறை வலி தெரியாமல் இருக்க லேசாகத்தான் மருந்து கொடுப்பார்கள், விழித்தபடியே இருப்பாள். ஊசி இறங்கும்போது இடுப்பு அசையக் கூடாது. அது ஒன்றுதான் அவள் செய்ய வேண்டியது. சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சும்மா இருப்பது எத்தனை பெரிய வேலை என்று மறுநாள் தெரிந்தது.

காலையில் ரத்தம் எடுத்தாயிற்று. இயந்திரம் சுழன்று நின்று, பொன்னிற நீர் சின்ன ஊசிக் குழலுக்கு ஏறியது. மேசையில் டீச்சர் படுத்திருந்தாள். பச்சை அங்கியும் தொப்பியுமாக நாத்தனார் தலைமாட்டில் நின்றாள், மொழிபெயர்க்க. டீச்சரின் இரண்டு பாதங்களும் மேசை நுனியில் இருந்த இரண்டு தகடுகளின் மேல் இருந்தன.

கண்ணுகளா, அந்த வலப்பக்கத் தகடு கிட்டத்தட்ட பிரேக் இருக்கும் இடத்தில் இருந்தது.

மருத்துவர் திரையைப் பார்த்தபடி ஊசியைக் கொண்டுவந்தார். டீச்சரின் கால் போய் நச்சென்று மிதித்தது. இடுப்பு ஒரு சாண் மேலே ஏறியது. மருத்துவர் ஊசியை விலக்கிக்கொண்டார்.

“மன்னிச்சுக்கச் சொல்லுங்க அண்ணி.”

மறுபடி வந்தார். மறுபடி மிதித்தாள். மூன்றாம் முறை நர்ஸ் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் மிதித்த மிதியில் நர்ஸின் தொப்பி கழன்று மூக்கின் மேல் வந்தது. நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

மருத்துவர் கையுறையைக் கழற்றவில்லை; ஆனால் நாற்காலியைப் பின்னால் உருட்டிக்கொண்டார். அந்த நீரை வெகுநேரம் வைத்திருக்க முடியாது. மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

“என்ன சொல்றாங்க?”

நாத்தனார் குனிந்து அவள் காதருகே வந்தாள். “உன் மனசுக்கு இஷ்டமில்லையோன்னு கேக்கறாங்க. நிறுத்தணும்னா நிறுத்திடலாமாம். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்களாம்.”

“இல்ல, இல்ல.”

“இரு. நானே கேக்கறேன். என் தம்பிக்காகச் செய்யறியா? அப்படின்னா இப்பவே எந்திரி. அவனப் பொறந்ததுலேருந்து எனக்குத் தெரியும். ஒரு பூனைக்குட்டி வாங்கிக் குடுத்தா போதும், சந்தோஷமா இருப்பான்.”

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூரை விளக்கைப் பார்த்தாள்.

“எனக்காகத்தான் அண்ணி. ஊசிக்குப் பயமில்ல. இது நடந்து முடிஞ்சிட்டா அப்புறம் பாக்கி ஒண்ணும் இல்ல பாருங்க. இன்னும் செய்யலன்னா, ஒருவேளை வரலாம்னு ஒண்ணு இருந்துகிட்டே இருக்கும். செஞ்சும் வரலன்னா அதுவும் போயிடும். அதான்... ஊசி கிட்ட வர்றப்பல்லாம் நிறுத்து நிறுத்துங்குது.”

நாத்தனார் அவள் நெற்றியில் கையை வைத்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

“போனா போகட்டும். நான் உன் வண்டிய மரத்துல மோதினேனே, அன்னிக்கு என்ன சொன்ன? பயந்துகிட்டே ஓட்டுங்க, ஆனா ஓட்டுங்கன்னு சொன்ன. எனக்கு மட்டும் ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?”

“நீங்கதான் லைசென்ஸே வாங்கலையே.”

“மரத்து மேல நம்பிக்கை போச்சு. அது வேற கதை. இப்ப சொல்லு, செய்யலாமா?”

“செய்யலாம். ஆனா கால் கேக்காது அண்ணி. அது என் பேச்ச எப்பவும் கேட்டதில்ல.”

நாத்தனார் நிமிர்ந்து, மேசை நுனியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் டீச்சரின் தொழில் முதல் பிரேக் வரை கையைக் காலை ஆட்டிக் கதையாகச் சொன்னாள். சொல்லும்போதே ஒரு காலைத் தூக்கித் தரையில் மிதித்தும் காட்டினாள். மருத்துவரின் தோள்கள் குலுங்கின. அவர் நர்ஸிடம் ஏதோ சொல்ல, நர்ஸ் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, முழங்காலைத் தாங்கும் வேறு இரண்டு வளைவுகளைப் பொருத்தினாள். இப்போது டீச்சரின் பாதங்கள் அந்தரத்தில் தொங்கின.

“மிதிக்கறதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல டீச்சர். எவ்வளவு வேணும்னாலும் மிதிச்சுக்க.”

ஊசி வந்தது. கால் போயிற்று, காற்றைத்தான் மிதித்தது. இடுப்பு அசையவில்லை. இன்னொரு முறை மிதித்தது. அதற்குள் முதல் பாதாமுக்குள் நீர் இறங்கிவிட்டது. இரண்டாவதும் முடிந்தது. கால் அதற்குப் பிறகும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. எந்த வண்டியும் நிற்கவில்லை. டீச்சருக்கு அது விசித்திரமாக, கொஞ்சம் விடுதலையாகக்கூட இருந்தது.

ஊருக்குத் திரும்பினார்கள். முதல் மாதம் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அன்று மாலை கணவனும் மனைவியும் தேநீர் குடித்தார்கள், துணி மடித்தார்கள், அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. அந்த முறை பேசினார்கள். அவள் அழுதாள், அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுது முடித்த பிறகு, தான் நினைத்ததுபோல் உலகம் காலியாகிவிடவில்லை என்பதைக் கவனித்தாள். பசித்தது. சாப்பிட்டாள். மறுநாள் வேலைக்குப் போனாள். இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றாள் கணவனிடம். குரல் நடுங்காமல்தான் சொன்னாள்.

மூன்றாம் மாதம் ஸ்கேன் அறைக்குள் கணவனையும் அழைத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் பார்க்கும் அம்மா அதிகம் பேசாதவர். வலப்பக்கம் பார்த்தார், கருவியை நகர்த்தினார். இடப்பக்கம் பார்த்தார், அங்கேயே நின்றார். திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தின் நடுவே கருப்பாக, வட்டமாக ஒரு சின்னக் குமிழ்.

“ஒண்ணு இருக்கு. நல்ல அளவுல இருக்கு. இதுக்குள்ளதான் முட்டை இருக்கணும்,” என்றார். “எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ரொம்ப ஆசைய வளத்துக்காதீங்க. ஆனா இருக்கு.”

வெளியே பெஞ்சில் இருந்த நாத்தனார் எழுந்து நின்றாள்.

“ஒண்ணு,” என்றாள் டீச்சர்.

“ஒண்ணா?”

“ஒண்ணே ஒண்ணு அண்ணி.”

“நமக்கென்ன, பள்ளிக்கூடமா நடத்தப் போறோம்? ஒண்ணு போதும்.” சொல்லிவிட்டு நாத்தனார் திரும்பி, சுவரில் ஒட்டியிருந்த சத்துணவு விளம்பரத்தை வெகு அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தாள். தம்பி பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினான். “எனக்கெதுக்கு?” என்று கேட்டபடியே வாங்கிக்கொண்டாள்.

முட்டையை எடுக்க நாளை மறுநாள் காலையில் வரச் சொன்னார்கள். டீச்சர் தாழ்வாரத்தில் நின்றபடியே ஓட்டுநர் பள்ளி முதலாளிக்குப் போன் போட்டாள். இத்தனை வருஷமும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலெல்லாம் பல்வலி என்றுதான் அவரிடம் லீவு கேட்டிருக்கிறாள்.

“சார், நாளன்னிக்கு நான் வரமாட்டேன்.”

“ஏம்மா, மறுபடியும் பல்லா?”

அவள் கணவனைப் பார்த்தாள். சொல்லிவிடு என்பதுபோல் அவன் தலையை ஆட்டினான்.

“இல்ல சார். குழந்தைக்காக வைத்தியம் பாத்துட்டிருக்கேன். ஒரு முட்டை வந்திருக்கு, அத எடுக்கப் போறாங்க. பலிக்குமான்னு தெரியாது. போய்ப் பாக்கறேன்.”

 அந்தப் பக்கம் முதலாளி தொண்டையைச் செருமினார்.

“நல்லபடியா போயிட்டு வாம்மா. வண்டி வேணும்னா எடுத்துக்க.” கொஞ்சம் தயங்கினார். “அப்ப பல்லு?”

“பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார்,” என்றாள் பிரேக் டீச்சர்.