வால் இல்லாத செய்திகள்

மருந்து கொடுத்த பிறகு எல்லா நோயாளிகளிடமும், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களைத் தரும் ஹிஸ்டோன் ஜீன்கள் ஏன் இப்படி எகிறுகின்றன என்பது, ஆய்வகத்தில் அவர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து வந்த வரைபடத்தைப் பார்த்த அவளுக்குப் பிடிபடவில்லை. செல் இரண்டாகப் பிரியும்போதுதான் அவற்றுக்கு வேலை அதிகம். ஆனால் நோய் செல்களைப் பிரியத் தூண்டும் ஜீனின் செயல்பாடு பாதியாகக் குறைந்துவிட்டதாக அதே வரைபடம் காட்டியது. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்கிக்கொண்டிருப்பதுபோல.

"குறைஞ்சிருக்குல்ல, சந்தோஷப்படுங்க," என்றார் கணினிக்காரர். ஆய்வகத்தின் தரவுகளை அலசுபவர். "கல்யாண வீட்டுலயும் உப்பு கம்மின்னு சொல்ற ஆளு நீங்க."

அந்த நோயாளிகளில் ஒருவன் அவள் தம்பி. மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்ட பிறகு அவனுக்குக் கிடைத்தது இது. நோய் ஜீன் குறைந்தது உண்மையென்றால் மருந்துச் சோதனை தொடரும். இல்லையென்றால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

மாலையில் வார்டுக்குப் போனாள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"என்னக்கா, என் ரத்தம் என்ன சொல்லுது?"

"இன்னும் பாத்துட்டு இருக்கேன்டா."

"பரீட்சையில பாஸ் ஆகாத ரத்தம். நீயாவது கருணை மார்க் போடு."

"வாயை மூடிட்டு கஞ்சியக் குடி."

அவன் இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை.

மறுநாள் வேலைமேசையில் கிட் பெட்டியைத் திறந்தவள் மூடியில் இருந்த பெயரை மறுபடி படித்தாள். ஆர்.என்.ஏ.வை இயந்திரம் படிக்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது கிட். பழைய கிட் வருவது நின்றதால் இடையில் வேறொன்று வாங்கியிருந்தார்கள். இயந்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சோதித்தார்கள். ஒத்துப்போனது. மருந்துக்கு முந்தைய மாதிரிகள் எல்லாம் பழையதில் செய்தவை. பிந்தையவை எல்லாம் புதியதில்.

ஆர்.என்.ஏ. என்பது ஜீன் அனுப்பும் செய்தி. பெரும்பாலான செய்திகளுக்கு நீண்ட வால் உண்டு. பழைய கிட்டின் காந்த மணிகள் அந்த வாலைப் பிடித்துத்தான் வெளியே இழுக்கும். ஹிஸ்டோன் செய்திகளுக்கு வால் கிடையாது. அவை பிடிபடாமல் கழுவும் நீரோடு போய்விடும். புதிய கிட் வாலைத் தேடுவதில்லை. குப்பையாக நிறைந்திருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை அகற்றிவிட்டு மிச்சத்தையெல்லாம் வைத்துக்கொள்ளும். இயந்திரம் படிக்கும் மொத்த அளவோ மாறாது. பேருந்தில் புதிதாக ஆட்கள் ஏறினால் ஏற்கெனவே இருந்தவர்கள் நெருக்கி உட்காரத்தான் வேண்டும். நோய் ஜீன் நெருக்கி உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மருந்துக்கு முந்தைய ஆர்.என்.ஏ. ஃப்ரீசரில் கொஞ்சம் மீதம் இருந்தது. அதைப் புதிய கிட்டில் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

"விட்டுடுங்களேன்," என்றார் கணினிக்காரர் தாழ்ந்த குரலில். "யாரும் கேக்கப்போறதில்ல."

"நான் கேட்டுட்டேனே."

முடிவு வந்ததும் அவரே வரைபடத்தைத் திறந்தார். நாற்காலியை அவளிடம் தள்ளினார். ஹிஸ்டோன் ஜீன்கள் மருந்துக்கு முன்பும் பின்பும் ஒரே அளவு. நோய் ஜீனும் அப்படியே. தம்பியின் பட்டைகள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன.

கைபேசியில் அவன் அனுப்பியிருந்தான்: "மார்க் வந்துச்சா?"

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய்ச் சோதனையின் தலைமை மருத்துவரிடம் சொன்னாள்:

"முன் மாதிரியையும் பின் மாதிரியையும் ஒரே கிட்டுல செய்யணும் டாக்டர். அப்பதான் தெரியுற வித்தியாசம் மருந்தோடது. செஞ்சு பாத்துட்டேன். வித்தியாசம் இல்ல."