கிபிரின் அடிவயிறு

கிபிர் பொம்மை விமானப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றைக்கே மயிலம்மா அதை வெளியே வைக்கச் சொன்னாள். முத்துலிங்கம் கேட்கவில்லை. பெண்சாதி சொல்லைத் தட்டுவதற்கு ஆண்பிள்ளைகள் ஆயிரம் நியாயம் வைத்திருப்பார்கள். இவனிடம் ஒன்றுதான் இருந்தது.

"பிளாஸ்டிக் தானே மயிலு."

"ஒங்களுக்குப் பிளாஸ்டிக். உள்ள படுத்திருக்கவளுக்கு?"

உள்ளே படுத்திருந்தவள் மயிலம்மாவின் தங்கச்சி இராமலெட்சுமி. வன்னியிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பரந்தனுக்கு அப்பால் ஒரு குடியேற்றக் கிராமத்தில் வாழ்ந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். நாலு வயதில் ஒரு மகள் மிஞ்சியிருந்தாள். ஒரு நாள் காலையில் விமானப்படையின் கிபிர் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது, அந்த மகளும் இல்லாமல் போனாள். அதன் பிறகு அங்கே இருந்து என்ன செய்வதென்று அக்காவைத் தேடி வந்துவிட்டாள்.

வந்தது பெரிய காரியமில்லை, இருப்பதுதான் பெரிய காரியம். வன்னியிலிருந்து வந்தவள் என்று பொலிசுக்குத் தெரிந்தால் விசாரணை என்று கூட்டிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது. நல்ல வேளையாக, இராமலெட்சுமி மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். கலியாணம் கட்டி வன்னிக்குப் போன பிறகும் அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றவில்லை. சோம்பல் அவளுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான். தோட்டத்திலிருந்து அக்காவுக்கு ஒத்தாசைக்கு வந்தவள் என்று பொலிசில் பதிந்தார்கள். மயிலம்மா தங்கச்சியை முன்னால் உட்கார வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஓம்னு சொல்லாதடி, ஆமான்னு சொல்லு. எண்டு எண்டுங்காத. யாராச்சும் கேட்டா தோட்டம், கொழுந்து, பிரட்டு, அவ்வளவுதான் ஒனக்குத் தெரியும்."

"ஓம் அக்கா," என்பாள் இராமலெட்சுமி. மயிலம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் முத்துலிங்கம் கிபிரைக் கொண்டுவந்தான்.

அவன் ஒருகொடவத்தையில் லொறி கராஜ் ஒன்றில் ஸ்ப்ரே பெயின்டர். பகலெல்லாம் லொறிக்கு நிறம் அடிப்பது, வீட்டுக்கு வந்தால் விரல் நீள இறக்கைக்கு நிறம் அடிப்பது. புறக்கோட்டையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ஷரீப், வெளிநாட்டுப் பழைய சரக்கோடு வரும் விமானப் பெட்டிகளை இவனுக்கென்றே ஒதுக்கி வைப்பார். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை, வால், சக்கரம், விமானியின் ஆசனம் என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, தேய்த்து, பசை வைத்துப் பொருத்தி, இடுக்குத் தெரியாமல் புட்டி பூசி, பிறகு நிறம். கண்ணாடி அலுமாரியில் மிக்கும் மிராஜும் பான்டமுமாகப் பல நாட்டுச் சண்டை விமானங்கள் வரிசையாக நின்றன. பிள்ளை இல்லாத வீடு, மயிலம்மாவும் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

இந்த வேலையில் முத்துலிங்கத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஊகித்து நிறம் பூசமாட்டான். படம் வேண்டும், அல்லது கண்ணால் கண்டவன் சொல்ல வேண்டும். யார் சொன்னாரோ அவர் பெயரையும் மறக்கமாட்டான். அலுமாரியைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை பாராட்டினால் போதும், "இந்த மிராஜ்ட வால் ஷரீப் நானாட மச்சான் டுபாயில கண்டு சொன்னது" என்று தொடங்கிவிடுவான். அடுத்தவன் தந்த தகவலைத் தன்னுடையது என்று சொல்வது களவு என்பது அவன் எண்ணம். நல்ல குணந்தான். நல்ல குணமும் இடம் பார்த்து வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியோடு வந்த ஸ்டிக்கர்கள் இஸ்ரேல் நாட்டுடையவை. அதை ஒட்டினால் வேலை சுலபம். ஆனால் இவனுக்கு இலங்கைக் கிபிர்தான் வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஏன் என்று மயிலம்மா கேட்டாள். "நம்ம ஆகாயத்துல பறக்கிறத நம்ம செய்யாம வேற யாரு செய்வாங்க," என்றான். அதைக் கேட்டு எனக்கே அவனை ஒரு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அவன் மனதில் கெடுதி இல்லை. விமானம் வேறு, குண்டு போடுகிறவன் வேறு என்று உண்மையாகவே நம்பினான். அதைவிட மோசம், அந்த வேலையில் இறங்கிவிட்டால் அவனுக்கு இரண்டுமே ஞாபகம் இருப்பதில்லை.

பேப்பரில் வந்த படங்களைச் சேர்த்து மேல்பக்கத்து நிறங்களைப் பிடித்துவிட்டான். பச்சையும் மண்ணிறமும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தது. இலங்கை விமானப்படையின் வட்டச் சின்னத்தையும் மெல்லிய தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் வரைந்தான். அடிவயிறுதான் தெரியவில்லை. எல்லாப் படமும் தரையில் நிற்கிற விமானத்தின் படம். அடிவயிற்றை யார் கண்டிருப்பார்கள்?

கண்டவள் வீட்டிலேயே இருந்தாள்.

இரண்டு நாள் அவனால் சாப்பிட முடியவில்லை, தூங்க முடியவில்லை. கேட்கக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். மூன்றாம் நாள், மயிலம்மா சந்தைக்குப் போன நேரம், மூன்று பெயின்ட் டின் மூடிகளில் மூன்று நிறம் பூசிக்கொண்டு குசினிக்குப் போனான். ஒன்று சாம்பல். ஒன்று வெளிறிய நீலம். ஒன்று பால் வெள்ளை. இராமலெட்சுமி நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கோவிக்காத. ஒன்னு கேக்கணும். அது மேலால போகும்போது கீழ்ப்பக்கம் என்ன நெறம்? இந்த மூணுல எது?"

அவள் மூடிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஒரு விரலை நீட்டி நீல மூடியைத் தொட்டாள்.

"சரியா தெரியுமா?"

"ஓம் அத்தான்."

விரல் பட்ட இடத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. முத்துலிங்கம் அதை ஊதிவிட்டு, மூடியைப் பத்திரமாகப் பிடித்தபடி மேசைக்குப் போய்விட்டான். அவள் அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கங்கெட்டவன் என்று நாம் சொல்லலாம். அவனுக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை, நிறம் காய்வதற்குள் பூச வேண்டுமே என்றுதான் தோன்றியது. மயிலம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் அவனோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேடுதல் வந்தது.

மாதா கோயில் பூசை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம். தெருவின் இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டு வீடு வீடாக ஏறினார்கள். கொட்டாஞ்சேனைக்கு அது புதிதில்லை. அடுப்பை அணைத்து, அட்டையைக் கையில் எடுத்து, வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். இவர்கள் வீட்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும், நீல உடுப்புப் போட்ட ஒரு விமானப்படை இளைஞனும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இராமலெட்சுமியின் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"மஸ்கெலியாத?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆமாங்க சேர்," என்றாள் இராமலெட்சுமி. சுத்தமாகச் சொன்னாள். மயிலம்மா மூச்சை விட்டாள். இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தும் விட்டார். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குள் விமானப்படைக்காரன் அலுமாரியைக் கண்டுவிட்டான். கதவைத் திறந்து கிபிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "மேக்க கவுத ஹெதுவே?" என்று கேட்டான். செய்தது யார் என்று கேட்கிற குரலில் சந்தேகம் இல்லை, ஆசைதான் இருந்தது.

"மம தமாய் சேர்," என்று முத்துலிங்கம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

விமானப்படைக்காரன் கிபிரைத் திருப்பி அடிவயிற்றைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டான், மேல்பக்கம் பேப்பரில் வருகிறது, அடிப்பக்கத்து நிறம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று.

இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை முத்துலிங்கத்திடம் யாரும் கேட்டதில்லை. வந்தவர்கள் எல்லாம் "வடிவாயிருக்கு" என்பார்கள், போய்விடுவார்கள். இவன் விமானப்படை ஆள், சரியான இடத்தைப் பார்த்துச் சரியான கேள்வி கேட்கிறான். முத்துலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. அவன் வழக்கப்படி, தகவல் தந்தவளுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்தான்.

"நங்கி தெக்கா சேர்," என்று இராமலெட்சுமியைக் காட்டினான். தங்கச்சி இரண்டு கண்ணாலும் கண்டவள் என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. கிபிரின் அடிவயிறு மஸ்கெலியாவில் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டி அட்டையைத் திரும்ப வாங்கினார். எங்கே இருந்து பார்த்தாய் என்று இராமலெட்சுமியிடம் கேட்டார். டீவியில் பார்த்தாள் சேர், யாரோ சொன்னதைச் சொன்னாள் சேர், நான்தான் சும்மா சொன்னேன் சேர் என்று முத்துலிங்கம் என்னென்னவோ உளறினான். விமானப்படைக்காரனின் சிரிப்பு நின்றுபோனது. அவன் கிபிரைச் சேதப்படாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனான். செருப்புப் போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் இராமலெட்சுமி கேட்டாள். போடச் சொன்னார்கள். பிறகு கொண்டுபோய்விட்டார்கள்.

மயிலம்மா சத்தம் போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் ஒரு சொல் சொல்லவில்லை. வக்கீலிடம் போனார்கள், பாதிரியாரிடம் போனார்கள், தெரிந்த அரசியல்காரன் வீட்டு வாசலில் நின்றார்கள். பொலிசுக்குப் போனபோதெல்லாம் பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் முத்துலிங்கம் சுத்தியலை எடுத்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் நின்றான். அப்போதுதான் மயிலம்மா வாயைத் திறந்தாள்.

"ஒடைச்சா அவ வந்துருவாளா? அந்த இன்ஸ்பெக்டருக்குக் கொண்டு போய்க் குடுங்க. பல்லக் காட்டிக் கேளுங்க. பாக்கவாவது விடுவான்."

கிபிரைச் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து மூடிக் கொண்டுபோனான். இன்ஸ்பெக்டர் அதை மேசையில் வைத்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பத்து நிமிடம் தருவதாகச் சொன்னார்.

பின்பக்கத்து அறை ஒன்றில் ஒரு வாங்கில் இராமலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கையை மற்றக் கையால் பிடித்து மடியில் வைத்திருந்தாள், அதை அசைக்கவே இல்லை. முத்துலிங்கம் அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினான்.

"என் வாயாலதான் தாயி. என் பாழாப்போன வாயாலதான்."

"அழாதீங்கோ அத்தான்," என்றாள் அவள். தோட்டத்துப் பேச்சை அவள் கைவிட்டிருந்தாள், இனி யாருக்காக அதைப் பேசுவது. "உங்களுக்கு ஒண்டு சொல்லோணும் எண்டுதான் இருந்தனான். நான் அந்த நிறத்தைக் காணேல்ல."

"எந்த நெறத்த?"

"கிபிரிட வயித்த. கிபிர் இரைஞ்சுகொண்டு வரேக்க ஆரும் மேல பார்க்கிறேல்ல அத்தான். நான் பிள்ளைக்கு மேல குப்புறக் கிடந்தனான். மண்ணைத்தான் பார்த்தன். நீங்க மூடியைக் கொண்டு வந்து நீட்டினீங்கள். சோறு போடுற மனுசன் ஆசையாக் கேக்கிறார், தெரியாது எண்டு சொல்ல மனம் வரேல்ல. கைக்குக் கிட்ட இருந்ததைத் தொட்டன்."

அவள் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்கயும் அதைத்தான் கேக்கினம். எங்க நிண்டு பார்த்தனீ, எத்தினை தரம் பார்த்தனீ, ஆருக்குச் சொல்லிக் குடுத்தனீ எண்டு. காணேல்ல எண்டா அடிக்கினம். நீங்க போய்ச் சொல்லுங்கோ அத்தான். நீங்க செய்த ஆள், நீங்க சொன்னா நம்புவினம்."

பத்து நிமிடம் ஆகுமுன்பே அவன் எழுந்து ஓடினான். இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் கைகூப்பி நின்று, தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பெண் ஒன்றையும் காணவில்லை சேர். நான் நச்சரித்ததால் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அந்த நிறம் பொய், என் வேலையே பிழை, வேண்டுமானால் விமானப்படையில் கேட்டுப் பாருங்கள் சேர் என்றான். தன் வேலை பிழை என்று அவன் வாழ்நாளில் சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் கிபிரை எடுத்து, அடிவயிறு மேலே தெரியும்படி மேசையில் மல்லாக்க வைத்தார்.

"கேட்டேன்," என்றார். "அன்றைக்கு வந்த பையன் அதில்தான் வேலை செய்கிறவன். நிறம் அச்சொட்டாம். பார்க்காத ஆளால் இதைச் சொல்லவே முடியாதாம்."