இடப்பக்கத்துக் கொக்கி

பலாங்கொடை டவுனில் அது மூன்றாவது கடை. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா விமலாதேவி, நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தேடி வந்திருந்தாள். முப்பத்தாறில் கொக்கி மாட்டவில்லை. முப்பத்தெட்டில் தோள் வழிந்தது. திரைக்குள்ளிருந்து அலுத்துக்கொண்டாள்.

"தைக்கிறவனுங்க கண்ண மூடிக்கிட்டுத் தைக்கிறானுங்க!"

கடைப்பெண் நப்லா திரைக்குள் வந்து கொக்கியை இழுத்துப் பார்த்தாள். அவள் கை நின்றது.

"அக்கா, வலப்பக்கம் அளவாத்தான் ஈக்கி. இடப்பக்கம்தான் இழுக்குது. அதுல என்ன?"

அக்குளை ஒட்டிச் சின்னத் தேசிக்காய் அளவில், எலுமிச்சம்பிஞ்சு போல ஒரு கட்டி. இரண்டு மாதமாகவே அது விமலாதேவிக்குத் தெரியும். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த வீக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருஷம் இப்படி ஒரு கட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போன மேல் லயத்து வரிசை வீட்டுக்காரி திரும்பி வரவேயில்லை.

"ஒண்ணுமில்லம்மா. பஸ்ஸு போயிரும்."

"பொறகும் பஸ் ஈக்கி. ஆஸ்பத்திரி கிட்டத்தான். நானும் வாறேன்."

விமலாதேவி ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு நடந்தாள். வழியெல்லாம் நப்லாவின் கையை விடாமல் பிடித்திருந்தாள். லேடி டொக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பய வென்ட எபா" என்று சிங்களத்தில் சொன்னார். பயப்படாதே என்று டொக்டரே சொன்னதும்தான் அவளுக்குப் பயம் கூடியது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டுக்கு இரண்டு கிழமை என்றார்கள். அந்தப் பதினாலு நாளும் காம்பராவில் எந்தப் பிள்ளையையும் இடப்பக்கம் சாய்த்துத் தூக்கவில்லை. கல்யாணத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள். புருஷன் இராஜசிங்கத்திடமும் ரிப்போர்ட் வாங்கப் போவதற்கு முந்தின நாள்தான் சொன்னாள். அவன் உடனே எழுந்து போய், மறுநாள் வேலைக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்தான்.

கிளினிக்கில் நம்பரைக் கூப்பிட்டதும் அவன் அவள் கையைப் பிடித்து நடத்திப் போனான்.

"சதைக் கட்டிதான். புற்றுநோய் இல்ல," என்றார் அங்கிருந்த தமிழ் டொக்டர். "ஆனா வளருது. வெட்டி எடுத்துரலாம்."

"நெசமாங்களா?"

"நெசம்."

"வேற எதுவும் இல்லீங்களே?"

நான்காவது முறையும் கேட்டாள். டொக்டர் சலிக்காமல் பதில் சொன்னார். வெளியே வந்ததும் சுவரோரம் திரும்பி நின்று இராஜசிங்கம் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒப்பரேசன் திகதி எழுதிய துண்டுக் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.