கூரையில் தங்கிய மேயர்

காலை ஆறு மணிக்கு பெவன் எழுந்து கெட்டிலைப் போடுவான். இரண்டு ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவுவான். மீன்தொட்டியின் உப்பளவைப் பார்ப்பான். பிறகு ஸ்டூலில் ஏறி, கூரையோடு ஒட்டிக்கிடக்கும் மஞ்சள் பேத்தை மீனுக்கு உரித்த இறாலைக் குச்சியில் குத்தி நீட்டுவான். மீன் தின்னும். அவன் வேலைக்குப் போவான். கெய்ன்ஸ் நகரில் அந்த வருஷ மழைக்காலம் இப்படித்தான் போனது.

மீன் அவன் மனைவி மரீயுடையது. நாய் முகம், எலுமிச்சை நிறம், உடம்பெங்கும் கறுப்புப் புள்ளி. மேயர் என்று அவள்தான் பெயர் வைத்தாள். ஜனவரியில் அவள் இறந்தாள். மூன்றாம் வாரம் தொட்டியின் கண்ணாடி விரிசல் விட்டது. புதுத் தொட்டிக்கு மாற்றும்போது பெவன் மீனை வலையால் தூக்கிவிட்டான். பேத்தையைத் தண்ணீரோடு வாளியில் முகந்துதான் எடுக்க வேண்டும், வெளியே தூக்கினால் காற்றை விழுங்கி உப்பிவிடும் என்பது மீன் வளர்க்கும் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். கை மறந்துவிட்டது. மேயர் பந்தாய் உப்பி, வலையை விட்டு எழும்பி, கூரையில் முட்டி நின்றது. பெவன் மின்விசிறியை அணைத்தான். அந்தப் புழுக்கத்திலும் பிறகு போடவில்லை.

எதிர்வீட்டில் இருக்கும் நோலீன், டவுன் பஸ் ஓட்டுகிறவள், சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“யாருக்குடா பிறந்தநாள்? பலூன் கட்டியிருக்கே?”

“அது மீன், நோலீன்.”

“அப்ப கேக் கிடையாதா?”

மீன் கடைக்காரன் கெரோட் ஏணியோடு வந்து மேயரைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினான். கையை எடுத்ததும் அது மறுபடி கூரைக்குப் போனது. ஒரு நாள் தாங்காது என்றான். மூன்று மாதம் தாங்கியது. அந்த வருஷம் காற்றில் அவ்வளவு ஈரம். துவைத்த துணி நான்கு நாளானாலும் காயவில்லை, தபால்தலைகள் தாமாகவே ஒட்டிக்கொண்டன, மீன் அந்தக் காற்றையே செவுளால் குடித்துக்கொண்டிருந்தது. இறாலை மட்டும் வாராவாரம் இன்னும் பொடியாக நறுக்க வேண்டியிருந்தது.

“மே மாசம் வறண்ட காத்து வரும், மச்சான்,” என்றான் கெரோட். “அதுக்குள்ள இறங்கலைன்னா கருவாடுதான்.”

மே ஆறாம் தேதி காற்று வந்தது. நோலீன் தெருவில் எல்லா வீட்டுக் கெட்டில்களையும் வாங்கிவந்து கொதிக்கவிட்டாள். கெரோட் தொட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். ஆவி போதவில்லை. மேயரின் தோல் சுருங்கத் தொடங்கியது. பெவன் ஸ்டூலைவிட்டு இறங்கவேயில்லை.

“ஒரு வாயாவது சாப்பிடுடா,” என்றாள் நோலீன். “‘உன்னைப் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுத்தானே போனா உன் பொண்டாட்டி?”

“அவ அப்படிச் சொல்லலை. அடக்கத்தப்போ அவளோட கடைசி வார்த்தை என்னன்னு பாதிரியார் கேட்டாரு. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்.”

“அடப்பாவி! அதுக்கு நான் ஒரு கைக்குட்டை நனைய அழுதேனே! நெஜமா என்னதான் சொன்னா?”

பெவன் மீனின் வாயைப் பார்த்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நீண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. காற்று வெளியேற வழியில்லை. அவன் இறங்கி ஃப்ரீசரைத் திறந்தான். அடியில் மரீ டிசம்பரில் வாங்கிவைத்த மட்டிச் சிப்பிப் பொட்டலம் இருந்தது.

முதல் மட்டியின் ஓட்டை மேயர் அரைமணி நேரம் கொறித்தது, பல் தேய்ந்தது. இரண்டாவதை உடைத்தது. மூன்றாவதை நொறுக்கி விழுங்கிவிட்டு ஏப்பம் விட்டது. திரைச்சீலைகள் பறந்தன, வீடெல்லாம் கடல் மணத்தது. மேயர் தொட்டிக்குள் விழுந்து கெரோட்டைத் தலையோடு கால் நனைத்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்காலமும் அது தானாகவே கூரைக்குப் போகிறது, மே மாதம் மட்டிக்கு இறங்குகிறது. இறங்கும் நாளில் நோலீன் கேக் கொண்டுவருகிறாள். முதல் கேக்கை வெட்டும்போது அவள் மறுபடி கேட்டாள். பெவன் சொன்னான். ஆஸ்பத்திரியில், மூக்கிலிருந்த குழாயை விலக்கிக்கொண்டு, மரீ கடைசியாகச் சொன்னது இதுதான்:

“மேயருக்கு மட்டியை ஓட்டோட போடு. உரிச்சு ஊட்டிக் கெடுத்தே, வந்து உதைப்பேன்.”