கொளஞ்சி சொன்ன பொய்

சாதிகா டீச்சர் என்னைத் தேடிப் பட்டறைக்கே வந்தார். நான் அச்சிலிருந்து பீங்கான் கோப்பைகளை எடுத்துப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். சூளைக்குப் போகாத பச்சைச் சாமான். அழுத்தித் தொட்டால் விரல் பதியும்.

“காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடினீங்களாமே?”

“ஆடினேன்.”

“இப்ப?”

“இல்ல டீச்சர்.”

“ஏன்னு கேக்க வரல. எனக்கு ஒரு ஆளு வேணும்.”

என் மனைவி பிரபா இறந்த பிறகு என்னிடம் அனுதாபம் சொல்லாமல் பேச ஆரம்பித்த முதல் ஆள் அவர்தான். கையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் செராமிக் பேட்டையில் வேலை செய்யும் பையன்களைச் சேர்த்து ஓர் அணி வைத்திருந்தார். அவர் தம்பி ஷாருக்தான் கேப்டன், பாயிண்ட் கார்டும் அவனே. பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்குத் தருவது என்று முடிவு செய்பவன். நல்ல ஆட்டக்காரன், ஆனால் கோபக்காரன். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தைவிட்டு வெளியே போகவேண்டும். ஒவ்வோர் இறுதிப் போட்டியிலும் அவன் பாதியில் வெளியே போவான். பிறகு அணிக்குத் தலை இருக்காது. தோற்கும்.

“கத்தாருக்கு விசா வந்துடுச்சு. இந்த ஃபைனல் முடிஞ்சதும் கெளம்புறான். ஒரு தடவயாவது கப்பைத் தூக்கிட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேங்கிறான். அவன் வெளிய வந்துட்டா பந்தை எடுத்துட்டுப் போக ஒருத்தர் வேணும்ணே. அவ்வளவுதான்.”

சரி என்றேன். மறுக்கத் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை.

மாலையில் மைதானத்துக்குப் போனேன். ஷாருக் என்னைச் சுற்றி வந்து பார்த்தான்.

“எனக்கு ஸ்டெப்னியா? டயரு தேஞ்சிருக்கேக்கா.”

“வண்டி பஞ்சர் ஆகாம இருந்தா நான் ஏன்டா ஸ்டெப்னி தேடுறேன்?” என்றார் டீச்சர்.

பயிற்சியில் என் முதல் பந்திலேயே தவறு செய்தேன். பந்தை கொளஞ்சியப்பனுக்குத் தரவேண்டும். அவன் எங்கள் பட்டறையில் சூளை அடுக்குபவன், அணியிலேயே பெரிய உடம்பு. நான் பந்தை எறியவில்லை. தட்டிக்கொண்டே அவனிடம் போய், அவன் இரண்டு கைகளிலும் வைத்தேன். வைத்துவிட்டு விடாமல் நின்றேன்.

“ஆச்சு,” என்றான் கொளஞ்சி. விட்டேன்.

பட்டறை வழக்கம் அது. பச்சைச் சாமான் அடுக்கிய பலகையை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கும்போது, வாங்குகிறவர் ‘ஆச்சு’ என்று சொல்லவேண்டும். அதுவரை கொடுப்பவர் விடக்கூடாது. முன்னால் விட்டால் ஒரு நாள் வேலை தரையில் கிடக்கும்.

ஷாருக் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அண்ணே, அது பந்துண்ணே! வுழுந்தா தானா எழுந்துக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவ அதையே செய்ங்க.”

செய்தோம். நான் அவ்வளவு அருகில் போனதும், கொளஞ்சியின் உடம்பு பந்தை எதிராளியிடமிருந்து மறைத்துவிட்டது. பந்து யார் கையில் என்று எதிராளிக்குத் தெரியவில்லை. கொளஞ்சி திரும்பிக் கூடையில் போட்டான். அன்றிலிருந்து அதுவே எங்கள் ஆட்டமானது. அணியில் அத்தனை பேரும் பேட்டைக்காரர்கள். யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இறுதிப் போட்டியில் கடலூர் அணி. வேப்பூர், சேத்தியாத்தோப்பு பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் முன்னிலையில் இருந்தோம். கடைசிக் கால்பகுதி தொடங்கியதும் ஷாருக் ஒருவனை மார்பில் தள்ளினான். ஐந்தாவது ஃபவுல்.

வெளியே வந்தவன் என் சட்டையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது.

“எனக்கு அடுத்த வருஷம் கெடயாதுண்ணே.”

உள்ளே போனேன். தொடக்கத்தில் எல்லாம் நடந்தது. கொடுத்தேன், ஆச்சு, கூடை. கொடுத்தேன், ஆச்சு, கூடை. “என்னடா இவனுங்களுக்கு ஜலதோஷமா?” என்றான் கடலூர் நெட்டையன். ஆனால் கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான். ‘ஆச்சு’ என்று காதில் விழுந்ததுமே இரண்டு பேர் கொளஞ்சி மேல் பாய்ந்து பந்தைப் பறித்தார்கள். அடுத்தமுறையும் பறித்தார்கள். அவர்கள் ஒரு புள்ளி மேலே போனபோது ஆட்டம் முடியச் சில நொடிகளே இருந்தன. டீச்சர் டைம் அவுட் கேட்டார்.

“அவங்க காதால ஆடுறாங்க. கொளஞ்சி, நீ பந்தை வாங்காமலே ஆச்சுன்னு சொல்லு.”

கொளஞ்சி விழித்தான். “வாங்காம எப்புடி டீச்சர் சொல்றது? பலகை வுழுந்துடும்ல?”

“இங்க எங்கடா பலகை?”

“வாய் வராது டீச்சர். எங்கப்பா தோலை உரிச்சிருவாரு.”

“உங்கப்பா அதோ விசிலடிச்சிட்டு நிக்கிறாரு. ஜெயிச்சா ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

என் பிரச்சினை வேறு. “அவன் ஆச்சுன்னா என் கை தானா வுட்டுடும் டீச்சர்,” என்றேன்.

பெஞ்சிலிருந்து ஷாருக் சொன்னான்: “வுடாதண்ணே.”

ஆஸ்பத்திரியில் பிரபாவின் ஸ்ட்ரெச்சரை நான் பிடித்திருந்தேன். வார்டு ஆள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “ஆச்சு சார், விடுங்க” என்றான். நான் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

விடாமல் இருக்க எனக்குத் தெரியும்.

“சரி,” என்றேன்.

பந்தைத் தட்டிக்கொண்டு போனேன். கொளஞ்சி எதிரே வந்தான். பந்து அவன் உள்ளங்கைகளைத் தொட்டது. அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். பட்டறையில் ஒருநாளும் அவன் அப்படிக் கத்தியதில்லை.

“ஆச்சு!”

நெட்டையனும் இன்னொருவனும் அவன்மேல் பாய்ந்தார்கள். கூடைக்கடியில் நின்றவனும் ஓடிவந்தான். என் விரல்கள் லேசாகத் திறந்தன. மூடிக்கொண்டேன். பந்து என்னிடமே இருந்தது. எனக்கும் கூடைக்கும் நடுவில் யாரும் இல்லை.

இரண்டே எட்டு வைத்தேன். எழும்பினேன். பந்து பலகையில் பட்டு வலைக்குள் இறங்கியது. மணி அடித்தது.

அதன்பிறகு எதுவும் காதில் விழவில்லை, அவ்வளவு சத்தம். கொளஞ்சி என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “பொய் சொல்லிட்டேன்டா! பொய் சொல்லிட்டேன்டா!” என்று மைதானத்தைச் சுற்றி ஓடினான். அவன் அப்பா விசிலை விடவே இல்லை.

கோப்பையை வாங்க டீச்சர் என்னை அனுப்பினார். வாங்கி நேராக ஷாருக்கிடம் போய் நீட்டினேன். அவன் பிடித்தான். நான் விடவில்லை.

“அண்ணே?”

பார்த்துக்கொண்டே நின்றேன். அவனுக்குப் புரிந்தது. சிரித்தபடி அழுதான்.

“ஆச்சுண்ணே.”

“நெஜமாவா? கொளஞ்சி மாதிரியா?”

“நெஜமாத்தாண்ணே. வுடு.”

விட்டேன். கோப்பை மேலே போனது. என் கைகள் காலியாக இருந்தன. தட்டினேன்.