ஹெல்மெட்டுக்குள் ஒரு சுரங்கம்

அங்கமுத்துவுக்கு ஐம்பத்தோரு வயது. அதில் இருபத்தாறு வருடம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் ஓட்டியே கழிந்தது. ஒரு தடவைகூட வண்டியைக் கவிழ்த்ததில்லை என்பதை, டீக்கடையில் புதிதாக யார் வந்து உட்கார்ந்தாலும் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று காலை கால் மணி நேரத்தில் இரண்டு தடவை கவிழ்த்துவிட்டார். நல்லவேளை, நிஜச் சுரங்கத்தில் இல்லை.

2005ஆம் வருடம் அங்கே அறுபது டன் டம்பர் ஒன்று புதிதாக வந்து நின்றது. அதை ஓட்டப்போவது யார் என்று முடிவு செய்யக் கம்பெனி சென்னையிலிருந்து ஒரு பயிற்சி மெஷினை வரவழைத்தது. கூடவே ஆர்த்தி என்கிற இளம் இன்ஜினீயர் வந்தாள். பெரிய ஹெல்மெட் ஒன்றைத் தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் முழுச் சுரங்கமும் விரியும். ஷெட்டின் ஒரு மூலையில் டம்பர் டிரைவர், மறுமூலையில் பொக்லைன் ஆபரேட்டர். நாற்காலி வேறு வேறு, ஆனால் இரண்டு பேரும் இறங்குவது ஒரே சுரங்கத்தில். இவர் தலையைத் திருப்பினால் அவருக்குத் தெரியும், அவர் கையை ஆட்டினால் இவருக்குத் தெரியும்.

"நாற்காலி பக்கத்துல பெட்டி இருக்குல்ல, அதைச் சுத்திக் காந்த சக்தி பரவும்ங்க. ஹெல்மெட்ல இருக்கிற சென்சார் அதை வச்சுத்தான் உங்க தலை எங்க இருக்கு, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்குது," என்று வந்த அன்றே ஆர்த்தி விளக்கியிருந்தாள். மேசை, நாற்காலி எல்லாம் மரத்தில்தான் வேண்டும் என்று மேனேஜர் கிருஷ்ணமூர்த்தியிடம் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. அதற்கு அடுத்த நாள் விஜயதசமி, நல்ல நாள் என்று மேனேஜர் அன்றைக்கே தேர்வை வைத்தார். ஆளுக்கு மூன்று வாய்ப்பு.

முதல் வாய்ப்பில் அங்கமுத்துவின் டம்பர் ஏற்றத்தின் விளிம்பிலிருந்து உருண்டது. இரண்டாவதில் ரிவர்ஸில் வந்து பொக்லைனை இடித்துவிட்டுக் குடை சாய்ந்தது. பொக்லைனில் இருந்தது இளையபெருமாள். பதினைந்து வருடமாக இவர் வண்டிக்குக் கல் அள்ளிப் போடுகிறவன்.

"அண்ணே! ஒங்க தலை வண்டிக்கு வெளிய தனியா மெதக்குது அண்ணே!" என்று எதிர்மூலையிலிருந்து அவன் அலறினான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கிருஷ்ணமூர்த்தி சிரிக்கவில்லை. "அங்கமுத்து, கண்ணு எப்புடி இருக்கு? வேணும்னா தண்ணி லாரிக்கு மாத்திடவா? அதுல அலைச்சல் கம்மி," என்றார் இதமாக. அந்த இதம்தான் அங்கமுத்துவைச் சுட்டது. புது வண்டி போனால் போகட்டும். வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தரையே சரிகிறதே, நிஜமாகவே தன் கண்ணும் தலையும் போய்விட்டனவா?

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஹெல்மெட்டுக்குள் தெரிவதை அப்படியே காட்டும் கம்ப்யூட்டர் திரை எதிரே இருந்தது. அதில் சுரங்கம் கோணலாக நின்றது. அவர் ஹெல்மெட்டை இடப்பக்கம் நகர்த்தினார். சுரங்கம் நிமிர்ந்தது. வலப்பக்கம் கொண்டுபோனார். மறுபடி கோணிக்கொண்டது. தலைதான் இப்போது ஹெல்மெட்டுக்குள் இல்லையே!

வண்டியில் எங்கோ கடகடவென்று சத்தம் வந்தால், காதைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் இடத்தைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. அதேபோல ஹெல்மெட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். மேசைக்கு அடியில், வெள்ளை வேட்டி போர்த்தியிருந்த இடத்தை நெருங்கியதும் சுரங்கம் தலைகீழானது. வேட்டியை விலக்கினார்.

பொட்டு வைத்து, பூச்சுற்றி, ஷெட்டின் மொத்த ஸ்பேனர்களும் கடப்பாரைகளும் அங்கே வரிசையாகக் கிடந்தன. நடுவில் முப்பது கிலோ ஜாக்கி.

"ஐயோ, இவ்வளவு இரும்பா? காந்த சக்தியையே வளைச்சுடுமே! யாரு இங்க வச்சது?" என்று ஆர்த்தி பதறினாள்.

"நான்தான் மேடம்," என்றார் அங்கமுத்து. "நாளைக்கு இதுலதான என் பொழப்பு, அந்தப் பெட்டிகிட்டயே ஆயுதத்த வச்சுக் கும்புடுவோம்னு வச்சேன்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. தப்புச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை.

"மறுபூஜை பத்தரைக்குத்தான். அதுக்கு முன்னாடி எடுக்கக் கூடாதே," என்று இழுத்தார் மேனேஜர்.

"இப்பவே கற்பூரத்தக் காட்டுங்க சார். நம்ம சாமிதான், கோவிச்சுக்காது," என்றார் அங்கமுத்து.

கற்பூரம் காட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து இரும்பை வெளியே சுமந்தார்கள். மூன்றாவது வாய்ப்புக்கு அங்கமுத்து ஹெல்மெட்டை மாட்டினார். தரை தரையாக இருந்தது. பொக்லைனுக்கு ஒரு முழம் விட்டு வண்டியை நிறுத்தினார். இளையபெருமாளின் கை எழுந்து 'போகலாம்' என்றது. ஏற்றத்தில் விளிம்பை ஒட்டி நூல் பிடித்த மாதிரி ஏறி, கல்லைக் கொட்டிவிட்டு வந்து நின்றார்.

"புது வண்டி ஒங்களுக்குத்தான்யா!" என்றார் கிருஷ்ணமூர்த்தி. எல்லாரும் கைதட்டினார்கள். அங்கமுத்து ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"அண்ணே, தலை ஏன் இப்புடிக் குலுங்குது? இன்னும் எங்கயாச்சும் இரும்பு கெடக்கா?" என்று சுரங்கத்துக்குள்ளிருந்து இளையபெருமாள் கேட்டான்.

"சிரிக்கிறன்டா," என்றார் அங்கமுத்து. ஒரு கை ஹெல்மெட்டுக்கு அடியில் போய்க் கன்னத்தைத் துடைத்தது.

"சரி சரி, கழட்டச் சொல்லும்மா. அடுத்த ஆள் காத்திருக்கான்," என்று மேனேஜர் அவசரப்படுத்தினார்.

ஆர்த்தி பொக்லைன் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். டம்பர் சீட்டில் அந்த ஹெல்மெட் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தது. சென்சார் இப்போது சரியாகத்தான் காட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"மெஷின் சூடாயிருக்கு சார்," என்றாள். "ரெண்டு நிமிஷம் போகட்டும், அவரே கழட்டுவாரு."